ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவருக்கு உப்பைக் குறைப்பது எப்படி?

"உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொல்வது ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாத நிலை) உள்ள நோயாளியிடம். உப்புப் போடும் கை பெரும்பாலும் வேறொருவருடையது. அதனால் பேச்சை அடுப்படியில் தொடங்குங்கள்.

முதலில் அளவு. பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு நாளுக்கு 2 கிராம் சோடியம். உப்பாகப் பார்த்தால் 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு. உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. பால், பிரெட், பிஸ்கட்டிலும் சோடியம் உண்டு என்பதால், சமையலுக்கு அரை டீஸ்பூனை மட்டும் காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வையுங்கள். அன்றைக்கு அவருக்கு அவ்வளவுதான். கைப்பழக்கத்தில் போட்டால் கூடிப்போகும்.

தனிச் சமையல் தேவையில்லை. சாம்பாரையும் பொரியலையும் உப்பில்லாமல் வேகவைத்து, அவர் பங்கை எடுத்த பிறகு மீதிக்கு உப்புப் போடுங்கள். அவர் தட்டில் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகையை மேலாகத் தூவுங்கள். நாக்கில் நேராகப் படுவதால் கொஞ்சமே போதும். புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு தாராளமாக இருந்தால் சப்பென்று இருக்காது. இட்லி மாவிலும் அவர் பங்கை முன்பே எடுத்துவிடலாம். உப்பில்லாத மாவும் பொங்கும். சீக்கிரம் புளித்துவிடும், அவ்வளவுதான்.

உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். இத்தனையும் செய்தும் கால் வீங்குகிறதா? தட்டின் ஓரத்தைப் பாருங்கள்: ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, அப்பளம். அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக்காரமும் சோடியம்தான். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகள் பலவற்றிலும் சோடியம் உண்டு. பாக்கெட்டில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும், 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு.

இந்துப்பும் உப்புதான். கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும்; ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு, அதுவும் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

திட்டுவதைவிட எடை மெஷின் நன்றாகப் பேசும். தினமும் காலை சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், எடை பார்த்து காலண்டரில் அவரையே எழுதச் சொல்லுங்கள். கருவாடு சாப்பிட்ட மறுநாள் எண் ஏறுவதை அவரே பார்ப்பார். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நாக்கு பழகச் சில வாரம் ஆகும். அதற்குள் சோற்றையே ஒதுக்க ஆரம்பித்தால் விடாப்பிடியாக நிற்காதீர்கள். பட்டினியும் அவருக்கு ஆகாது. ஒரு சிட்டிகை கூட்டிக் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.