பச்சை போவதும் ஒரு வேலைதான்: இலை மஞ்சளாவதைப் பற்றி நாம் விடும் பிழைகள்

திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். இலை ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டால் வருடா வருடம் ஒரே பதில்தான் வரும்: "இலை சாகுது சேர், அதால பச்சை போகுது." முதல் பிழையே அதுதான்.

கச்சான் காற்று அடித்த பிறகு முறிந்து தொங்குகிற மாங்கொப்பு ஒன்றைப் பாருங்கள். இலைகள் மொறுமொறுவென்று காய்ந்து மண்ணிறமாகிக் கிடக்கும், ஒழுங்காக மஞ்சளாகியிருக்காது, உலுக்கினாலும் சுலபத்தில் உதிராது. அதே மரத்தில் வயது போன இலையோ அழகாக மஞ்சளாகித் தானாக விழும். இரண்டும் சாகத்தான் போகின்றன, ஆனால் முறிந்த கொப்பின் கலங்களுக்கு வேலையை முடிக்க நேரம் கிடைக்கவில்லை. மஞ்சளாவது உயிருள்ள கலம் செய்கிற வேலை. அதற்கென்று பரம்பரையலகுகள் விழிக்க வேண்டும், நொதியங்கள் புதிதாக உருவாக வேண்டும்.

அடுத்த பிழை பெயரால் வருவது. இந்தக் கதையில் முக்கியமான பரம்பரையலகின் பெயர் எஸ்.ஜி.ஆர்., அதாவது 'ஸ்டே கிரீன்'. பச்சையாகவே இரு என்று அர்த்தம். பெயரைப் பார்த்துவிட்டு 'இது பச்சையத்தைக் காப்பாற்றும்' என்று எழுதிவிடுகிறார்கள். நேரெதிர்! பச்சைய மூலக்கூறின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தைக் கழற்றுகிற நொதியத்தைத் தருவதே இதுதான். பழுதானால்தான் செடி பச்சையாக நிற்கும், அந்தப் பழுதான செடியைப் பார்த்து வைத்த பெயர் இது. ஓ.ஆர்.ஈ.1 என்பதிலும் இதே கூத்துதான்: 'ஓரெசாரா' என்றால் கொரிய மொழியில் நீண்ட காலம் வாழ்வது, ஆனால் அந்தப் பரம்பரையலகு செய்வது இலையை முதுமைக்குத் தள்ளுவது. பெயர் வைத்தவர்களைத் திட்டி என்ன பயன், பழுதானால் என்ன நடக்கும் என்பதைத்தான் பெயர் சொல்கிறது என்று பிடித்துக்கொண்டால் போதும்.

பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டலின் பட்டாணியும் இதே எஸ்.ஜி.ஆர். கதைதான். 1866இல் அவர் வெளியிட்ட கணக்கில் 6022 மஞ்சள் விதைகள், 2001 பச்சை விதைகள். பச்சை விதைக்கு ஏதோ கூடுதலாக ஒரு நிறம் இருக்கிறது என்றுதான் நானும் படிக்கிற காலத்தில் நினைத்தேன். 2007இல்தான் அந்த விதை நிறத்தைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு எஸ்.ஜி.ஆர். என்று தெரிந்தது. முற்றும்போது பச்சையத்தை உடைக்கத் தெரிந்த விதை மஞ்சளாகிறது, தெரியாதது பச்சையாகவே நிற்கிறது. உடைக்க அந்தப் பரம்பரையலகின் ஒரு நல்ல பிரதி போதும், அதனால் மஞ்சள் ஆட்சியுடையது. மக்னீசியத்தைக் கழற்றுவது இந்த நொதியம்தான் என்பது உறுதியானது இன்னும் பிந்தி, 2016இல்.

மக்னீசியம் கழன்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிந்து கொஞ்ச நேரம் விட்டு வையுங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி, பாசி பிடித்த மாதிரி ஒரு பழுப்புப் பச்சை வரும். அமிலம் மக்னீசியத்தைப் பிடுங்கிவிட்டது, மிஞ்சியது பீயோபைற்றின். ஆனால் சம்பல் அதோடு நின்றுவிடும், மஞ்சளாகாது. செடிக்குள் அடுத்த நொதியம் அதன் நீண்ட வாலை வெட்டுகிறது, அதற்கடுத்து பி.ஏ.ஓ. என்பது வளையத்தையே உடைத்துத் திறக்கிறது, கடைசியில் நிறமில்லாத பொருளாகி, கலத்துக்குள் பை போல இருக்கும் புன்வெற்றிடத்தில் போய்ச் சேர்கிறது. பச்சையத்தில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு, பி என்றால் முதலில் ஏ ஆக மாற வேண்டும். அதைத் தொடக்கி வைக்கிற என்.வை.சி.1 என்ற நொதியம் பற்றி நன்றாகத் தெரியவந்தது நெல்லில்தான். தம்பலகாமத்து வயல் மஞ்சளாகும்போதும் இந்த வேலைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்போ எந்தப் படி பழுதானாலும் இலை பச்சையாக நிற்கும், அவ்வளவுதானே? இல்லை. பி.ஏ.ஓ. பழுதானால் வளையம் திறக்காமல் இடைப்பொருள் தேங்கும், அதன் மேல் வெளிச்சம் பட்டால் கலத்தையே கொல்லும் நச்சு ஒட்சிசன் வடிவங்கள் உருவாகும். சோளத்தில் இப்படி இலையெல்லாம் புள்ளி புள்ளியாகச் செத்துப்போகும் விகாரமே, அதாவது பரம்பரையலகு பழுதான வகையே, இருக்கிறது. செடி இவ்வளவு மெனக்கெட்டுப் பச்சையத்தை உடைப்பதற்கு ஒரு முக்கிய காரணம் இந்த ஆபத்துதான்.

நைதரசனை மீட்கத்தான் பச்சையத்தை உடைக்கிறது என்று எழுதுவதும் பிழை, புள்ளி போகும். பச்சையத்தின் நான்கு நைதரசனும் அந்த நிறமற்ற கழிவோடு புன்வெற்றிடத்திலேயே தங்கிவிடும். மீள்வது பச்சையத்தோடு ஒட்டியிருந்த புரதங்களின் நைதரசன். பச்சையத்தை அகற்றாமல் அந்தப் புரதங்களில் கை வைக்க முடியாது, அதுதான் தொடர்பு.

மஞ்சள் புதிதாக உருவாவதில்லை, முன்பே இருந்த கரோட்டினோயிட்டு என்ற மஞ்சள் நிறப்பொருள் இப்போது தெரிகிறது. கடற்கரை வாதுமை இலையின் சிவப்போ பெரும்பாலும் புதிதாகச் செய்த அந்தோசயனின் என்ற சிவப்பு நிறப்பொருள். இரண்டையும் ஒரே வசனத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வீட்டுத் தோட்டக்காரருக்கு ஒன்று. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் 'ஏதோ பரம்பரைக் கோளாறு' என்று செடியைப் பிடுங்காதீர்கள். அது அநேகமாக இரும்புக் குறைபாடு. அங்கே பச்சையம் சிதையவில்லை, ஒழுங்காக உருவாகவே இல்லை.

வாழைப்பழத்திலும் ஏமாறாதீர்கள். கவென்டிஷ் வகையை 24 பாகை செல்சியசுக்கு மேல் பழுக்க வைத்தால் உள்ளே மாப்பொருள் சீனியாகிவிடும், தோலில் பச்சையம் உடைவது மட்டும் பின்தங்கும். எங்கள் ஊர் வெக்கையில் 24க்குக் கீழே எங்கே போவது? அந்த வகைப் பழத்தை வாங்கினால் தோலின் நிறத்தை நம்பாமல் விரலால் மெல்ல அமத்திப் பாருங்கள்.