பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு ஈயைக் கட்டும் முறை

ட்ரவுட் மீனைக் கவர இறகாலும் நூலாலும் 'ஈ' எனப்படும் பூச்சி உருவைத் தூண்டில் முள்ளில் கட்டும் வழக்கம் மிகப் பழையது. மாசிடோனியர்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்கடியில் வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டைப் பொருத்தி மீன் பிடித்ததை, ரோமானிய எழுத்தாளர் ஏலியன் ஏறத்தாழ கி.பி. 200-இல் பதிவுசெய்தார்.

வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் ஆறுகளில் பெயர்பெற்ற 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு' ஈ, புதிதாகக் கற்போருக்கு மிகவும் ஏற்றது. 14-ஆம் எண் முள்ளைப் பிடிகருவியில் இறுக்கி, தேன்மெழுகு தேய்த்த ஆரஞ்சு நிறப் பட்டு நூலை முள்ளின் கண்ணருகே, அதாவது தூண்டில் நூலைக் கட்டும் துளையருகே, தொடங்கி, முனைக்கு நேர்மேலே வரும் வரை இடைவெளியின்றிச் சுற்றி, அதே வழியில் திரும்பக் கொண்டுவர வேண்டும். உடல் மெலிந்திருப்பதே அழகு. பட்டு நனைந்ததும் நிறம் அடர்ந்து, உயிருள்ள பூச்சியின் உடலைப் போலவே தோன்றும்.

பிறகு, கவுதாரியின் பழுப்புப் புள்ளியிட்ட இறகொன்றை எடுத்து, அடியிலுள்ள பஞ்சு போன்ற தூவியை நீக்கி, கண்ணுக்குப் பின்னால் கட்டுங்கள். அதை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் இழைகள் நெருங்கினால் நீரோட்டத்தில் அவை அசையும் இயல்பு கெட்டுவிடும். இறகின் காம்பை நறுக்கி, நூலை நான்கைந்து சுற்றில் தலைமுடிச்சிட்டு வெட்டிவிடலாம்.