நைஸ் ஆவணத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

இங்கிலாந்தில் புது மருந்துக்கு உரிமம் கிடைத்துவிட்டது என்பதற்காக அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதை வாங்கிவிடாது. கேட்கிற விலைக்கு அது தகுமா என்று 1999இல் தொடங்கிய நைஸ் அமைப்பு பார்க்கும். தகும் என்று பரிந்துரைத்தால், பொதுவாக 90 நாளுக்குள் என்.எச்.எஸ். பணம் ஒதுக்கியாக வேண்டும். அது சட்டக் கடமை. (ஸ்காட்லாந்துக்கு எஸ்.எம்.சி. என்று தனி அமைப்பு உண்டு.)

ஒரு மருந்தைப் பற்றி நைஸின் மதிப்பீட்டுக் குழு வெளியிடும் ஆவணங்கள் பல நூறு பக்கம் போகும். எடுத்ததும் முடிவுரைக்குத் தாவ வேண்டாம். எந்த சிகிச்சையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பாதி சண்டை இங்கேதான். மருத்துவமனைகளில் இன்று உண்மையில் தரப்படும் சிகிச்சையை விட்டுவிட்டு, பலவீனமான பழைய மருந்தோடு மருந்து நிறுவனம் ஒப்பிட்டிருந்தால், பின்னால் வரும் எண்கள் எல்லாமே ஆட்டம் காணும்.

அடுத்தது கணக்கு. அளவுகோலின் பெயர் குவாலி: முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டு 1 குவாலி. நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, அன்றாடப் பணி, வலி, மனக்கவலை என்ற ஐந்தையும் நோயாளியிடம் கேட்டு ஆண்டின் தரத்தை மதிப்பிடுவார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பழைய சிகிச்சையில் 4 ஆண்டு, தரம் 0.6, ஆக 2.4 குவாலி. புதியதில் 5 ஆண்டு, தரம் 0.7, ஆக 3.5. கூடுதல் பலன் 1.1. செலவு 8,000 பவுண்டிலிருந்து 41,000 ஆகிறது, கூடுதல் 33,000. வகுத்தால் ஒரு குவாலிக்கு 30,000 பவுண்டு. இந்த எண்ணைத்தான் ஐசர் என்பார்கள். விலைக்குத் தகும் என்று நைஸ் பொதுவாக ஏற்கும் வரம்பு நெடுங்காலம் 20,000 முதல் 30,000 வரை இருந்தது. 25,000 முதல் 35,000 வரை உயர்த்தப்போவதாக 2025 டிசம்பரில் அரசு அறிவித்தது.

நோய் கடுமையானது என்று குழு ஏற்றுக்கொண்டால், பலனை 1.2 அல்லது 1.7 ஆல் பெருக்குவார்கள். மேலே உள்ள கணக்கில் 1.2 போட்டால் பலன் 1.32, ஐசர் 25,000க்கு இறங்கிவிடும். விலையில் ஒரு பைசா குறையவில்லை, கவனியுங்கள்.

நிஜக் கணக்கில் இன்னொன்றும் சேரும். வருங்காலச் செலவு, பலன் இரண்டையும் ஆண்டுக்கு 3.5 சதவீதம் கழிப்பார்கள். பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் 1 குவாலி இன்று சுமார் 0.71தான். விலையை முதலிலேயே வாங்கிக்கொண்டு பலனைப் பின்னால் தரும் மருந்துகள் இதில் அடிபடும்.

பெரும்பாலும் கணக்கு சறுக்குவது உயிர்வாழ்வு வரைபடத்தில், அதாவது காலம் போகப் போக எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கோட்டில். சோதனை இரண்டு மூன்று ஆண்டில் முடிந்திருக்கும். நோயாளிகள் பலர் உயிரோடு இருப்பார்கள். அதற்குப் பிறகு கோட்டை எப்படி நீட்டுவது? நிறுவனம் தாராளமாக நீட்டும்; வெளியிலிருந்து ஆய்வு செய்யும் கல்வியாளர் குழு அந்தக் கோட்டைக் கீழே இறக்கிப் போடும். இரு தரப்பின் ஐசரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த அனுமானத்தை மாற்றியதால் எண் எகிறியது என்று பாருங்கள். நடுநடுவே கறுப்புப் பட்டை அடித்து மறைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் ரகசியத் தள்ளுபடி விலையோ, இன்னும் வெளியிடாத சோதனைத் தரவோதான். ஆகவே பட்டியல் விலையை வைத்து நீங்களே ஐசர் போட்டால், குழு பார்த்த எண் வராது.

வரைவு முடிவுக்குக் கருத்து அனுப்பும் நோயாளிகள் பலர் சம்பள இழப்பைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வருத்தம் நியாயம்தான், ஆனால் அது கணக்கில் ஏறாது, என்.எச்.எஸ். மற்றும் சமூகப் பராமரிப்புச் செலவுகளை மட்டுமே நைஸ் எடுத்துக்கொள்கிறது. 'இந்த மருந்து அவசியம் வேண்டும்' என்பதும் உதவாது. வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் போகிறது, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, கவனித்துக்கொள்பவரின் உடல்நிலை எப்படி என்று எழுதுங்கள். ஒப்பீட்டு மருந்தை நீங்கள் எடுத்திருந்தால், அதை ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் சேருங்கள்.