பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை: முன்பதிவு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் டிக்கெட் தேடும் நேரத்தில் ஒரு முன்பதிவுத் தளம் முழுதாக முடங்கினால், பயணி திட்டிக்கொண்டே வேறு ஆப்பைத் திறப்பார். பாதி மட்டும் வேலை செய்யும் தளம் அதைவிட ஆபத்தானது. கணக்கிலிருந்து பணம் போயிருக்கும். டிக்கெட் போடப்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு டிக்கெட் எடுப்பதா, காத்திருப்பதா என்று தெரியாமல் அவர் தவிப்பார்.

இதற்கு வேர், 'பதில் வரவில்லை' என்பதைத் 'தோல்வி' என்று எழுதிக்கொள்வது. ஒரு ஆம்னி பஸ் டிக்கெட்டுக்குக் குறைந்தது மூன்று அமைப்புகள் ஒத்துப்போக வேண்டும்: ஆப், பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே, பஸ் நிறுவனம். முதலில் சீட்டைச் சில நிமிடங்களுக்கு பிளாக் செய்வார்கள், பிறகு பணம் வாங்குவார்கள், கடைசியில் சீட்டை உறுதி செய்யச் சொல்வார்கள். அந்தக் கடைசிக் கோரிக்கைக்குக் குறித்த நேரத்தில் பதில் வராமல் டைம்அவுட் ஆனால், மறுமுனையில் டிக்கெட் விழுந்திருக்கலாம், விழாமலும் இருக்கலாம். தோல்வி என்று முடிவுகட்டிப் பணத்தைத் திருப்பினால் பஸ்ஸில் ஒரு சீட் காலியாகவே போகலாம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒரே ஆளுக்கு இரண்டு டிக்கெட் விழலாம்.

எனவே 'நிலுவை' என்ற மூன்றாவது நிலை டேட்டாபேஸில் இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஒரு தனி எண் கொடுங்கள். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே எண்ணோடு போகட்டும். இது ஏற்கெனவே போட்ட டிக்கெட் என்று மறுமுனை அதை வைத்துக் கண்டுகொள்ளும். பஸ் நிறுவனத்தின் ஏபிஐயில் (இரு அமைப்புகள் தகவல் பரிமாறும் இணைப்பில்) அந்த வசதி இல்லையென்றால், மறுபடி அனுப்பும் முன் டிக்கெட் விழுந்துவிட்டதா என்று விசாரித்தே தீர வேண்டும்.

பிளாக் நேரத்தையும் பலர் கவனிப்பதில்லை. பயணி யுபிஐ ஆப்புக்குப் போய், பின் நம்பர் போட்டுத் திரும்புவதற்குள் பிளாக் காலாவதியாகி, சீட் இன்னொருவர் கைக்குப் போய்விடும். பிளாக் முடிவதற்கு முன்பே பணக் கோரிக்கை காலாவதியாகும்படி அமைத்தால் இந்தப் புகார்களில் பெரும்பகுதி எழாது.

பதில் தெரியாதபோது விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் தவறு. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ தடுமாறியபோது, 'பரிவர்த்தனை என்ன ஆயிற்று' என்று கேட்கும் கோரிக்கைகள் சில வங்கிகளிலிருந்து வந்து குவிந்ததே காரணம் என்று யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. கண்டறிந்தது. பழைய பரிவர்த்தனைகளைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள். அதன் பிறகு, 90 நொடி கழித்தே முதல் கேள்வி, இரண்டு மணி நேரத்தில் அதிகபட்சம் மூன்று கேள்வி என்று வரம்பு வந்தது. முன்பதிவு நிறுவனங்களுக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். எல்லா சர்வர்களும் ஒரே நொடியில் கிளம்பாதபடி சற்று முன்பின்னாகச் சிதறவிடுங்கள்.

நெரிசல் நேரம் முன்கூட்டியே தெரிந்த துறை இது. ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் தொடங்கும்; தட்காலில் ஏசிக்கு காலை 10, மற்ற வகுப்புகளுக்கு 11. அப்படியிருந்தும் தினசரிச் சராசரியை வைத்து சர்வர் திறனைக் கணக்கிடுவதும், பண்டிகை வாரத்தில் புதிய வெர்ஷனை வெளியிடுவதும் மன்னிக்க முடியாதவை. தேடல் கூட்டம் எவ்வளவு ஏறினாலும், 'என் டிக்கெட்' பக்கமும் ரத்து செய்யும் வசதியும் தனியாக நிற்க வேண்டும்.

டிக்கெட்டை ஆப்புக்குள் மட்டும் வைப்பதும் ஆபத்து. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் கோளாறால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிஎன்ஆர், ஏறும் இடம், நேரம் மூன்றும் எஸ்எம்எஸ்ஸில் இருந்தால், உங்கள் சர்வர் படுத்துவிட்டாலும் பயணி வண்டி ஏறிவிடுவார்.

பணத்தைத் திருப்புவதில், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, வணிகருக்குச் செலுத்திய யுபிஐ பணம் கழிந்தும் உறுதி வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அது கடைசி எல்லைதான். டிக்கெட் இல்லை என்று தெரிந்த நிமிடமே பணத்தைத் திருப்பத் தொடங்கி, அதைப் பயணியிடம் சொல்லுங்கள். மாற்று டிக்கெட் எடுக்க அவருக்கு அந்தப் பணம்தான் கையிருப்பாக இருக்கலாம்.

கண்காணிப்புத் திரையில் சிபியு, மெமரி எல்லாம் பச்சையாக இருக்கும்போதே இத்தனையும் நடக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் நிலுவையில் நிற்கும் முன்பதிவுகளின் எண்ணிக்கையை அந்தத் திரையின் முதல் வரியில் வையுங்கள். அது ஏறத் தொடங்கினால், இரவு 2 மணியானாலும் பொறுப்பாளரின் போன் அடிக்க வேண்டும்.