பன்னிரண்டு ஒன்றுகளைக் கொண்ட பகு எண்ணைப் பகாக் காரணிப்படுத்தும் முறை

111111111111 என்ற எண்ணை 11,111 கோடியே 11 இலட்சத்து 11 ஆயிரத்து 111 என்று வாசிக்க வேண்டும். திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடைகளில் கல்லாவின் மேல் இருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டரில் இதை அழுத்தினால் திரை முழுவதும் நிறைந்துவிடும். பாளையங்கோட்டையில் என்னிடம் கணக்குப் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் இதன் காரணிகளைக் கேட்டால், "ரெண்டுல இருந்து வகுத்துக்கிட்டே போவணுமா சார்?" என்பதே முதல் கேள்வியாக வரும். எண்ணின் அமைப்பை முதலில் கவனிப்பவருக்கு வகுக்கும் வேலை மிகக் குறைவு என்பதைக் காட்டவே இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, 111 111 111 111 என்று எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் 111 இருப்பதால் அதைப் பொதுவாக வெளியே எடுக்கலாம். எண் 111 × 1001001001 என்றாகும். இதில் 111 = 3 × 37.

இரண்டாம் படி: 1001001001 என்பதில் 1001 இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. ஆகவே அது 1001 × 1000001. இவற்றுள் 1001 = 7 × 11 × 13 என்பதை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது; பல கணக்குகளில் கைகொடுக்கும்.

மூன்றாம் படி: 1000001 என்பதை 100³ + 1 என்று பாருங்கள். அ³ + 1 = (அ + 1)(அ² − அ + 1) என்ற பள்ளிப் பாட முற்றொருமையில் அ = 100 என்று இட்டால், 101 × 9901 கிடைக்கிறது. 101 பகா எண்.

நான்காம் படியில்தான் நிதானம் தேவை. 9901 பகா எண்ணா? 100² = 10000 என்பதால், 100-க்குக் குறைவான 25 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். அதையும் குறைக்க வழி உண்டு. ப என்ற பகா எண் 9901-ஐ வகுப்பதாகக் கொள்வோம். அது 1000001-ஐயும் வகுக்கும். எனவே 10⁶-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது ப − 1), 10¹²-ஐ வகுத்தால் மீதி 1. ஆகவே மீதி 1 தரும் 10-இன் மிகச்சிறிய அடுக்கு 12-ஐ வகுக்க வேண்டும், 6-ஐ வகுக்கக் கூடாது. அது 4 அல்லது 12 மட்டுமே. அது 4 என்றால் 100-க்கு மீதி −1 ஆகி, 100² − 100 + 1 என்ற 9901-க்கு மீதி 3 வரும்; அப்போது ப = 3 ஆக வேண்டும். ஆனால் 9901-இன் இலக்கக் கூடுதல் 19 என்பதால் 3 அதை வகுக்காது. எனவே அந்த அடுக்கு 12-தான். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா 1640-இல் எழுதிய தேற்றத்தின்படி 10-இன் (ப − 1) அடுக்கும் மீதி 1 தருவதால், ப − 1 என்பது 12-இன் மடங்கு. அத்தகைய பகா எண்கள் 100-க்குள் 13, 37, 61, 73, 97 ஆகிய ஐந்தே. இவற்றால் 9901-ஐ வகுத்தால் முறையே 8, 22, 19, 46, 7 மீதி வருகிறது. ஆகவே 9901 பகா எண். இருபத்தைந்து வகுத்தல்கள் ஐந்தாகச் சுருங்கிய இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

முழு விடை: 3 × 7 × 11 × 13 × 37 × 101 × 9901.

ஐந்தாம் படி: ஏழு பகாக் காரணிகளும் ஒவ்வொரு முறையே வருவதால், ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம்; மொத்த வகுத்திகள் 2⁷ = 128. அவற்றின் கூடுதலுக்கு ஒவ்வொரு காரணியோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 8 × 12 × 14 × 38 × 102 × 9902 = 206331697152. இதிலிருந்து மூல எண்ணைக் கழித்தால் வரும் 95220586041 மூல எண்ணைவிடச் சிறியது. ஆகவே மூல எண் ஒரு குறை எண், அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தன்னைவிடச் சிறியதாக உள்ள எண்.

பயிற்சியாக, நம் எண்ணை 9-ஆல் பெருக்கினால் 10¹² − 1 வருகிறது என்பதைக் கொண்டு, 1/9901-இன் தசம விரிவை எழுதிப் பாருங்கள். 000100999899 என்ற பன்னிரண்டு இலக்கங்கள் மீண்டும் மீண்டும் வர வேண்டும்.