இரைச்சலான அலுவலகத்துக்கு ஹெட்ஃபோன் தேர்ந்தெடுப்பது எப்படி?

1. முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்

கடைக்குப் போகும் முன், உங்கள் வேலையைக் கெடுப்பது எந்தச் சத்தம் என்று ஒரு நாள் கவனியுங்கள். ஏசியின் இரைச்சலா, பக்கத்து மேசைக்காரரின் போன் பேச்சா?

இதை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், நாய்ஸ் கேன்சலேஷன் இருந்தால் எல்லாச் சத்தமும் நின்றுவிடும் என்று நம்பித்தான் பலர் அதிகப் பணம் கொடுக்கிறார்கள். அந்த வசதியில் சின்ன மைக்குகள் வெளிச் சத்தத்தை வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி அதைக் குறைக்கின்றன. ஏசி, மின்விசிறி, ஜெனரேட்டர் மாதிரி தாழ்ந்த, ஒரே சீரான ஓசைக்கு இது அருமை. பேச்சு நொடிக்கு நொடி மாறும், அதில் உயர்ந்த ஒலிகளும் அதிகம். அதனால் அந்த அளவுக்கு அடங்காது. பேச்சைக் குறைப்பதில் காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பொருந்தும் குஷனுக்குத்தான் பெரிய பங்கு. பேச்சுதான் உங்கள் பிரச்சினை என்றால், வசதிப் பட்டியலைவிடப் பொருத்தத்தைப் பாருங்கள்.

2. வகையை முடிவு செய்யுங்கள்

நாள் முழுக்கப் போடுவதற்குக் காதை முழுதாக மூடும் ஓவர்-இயர் வகையைச் சொல்வேன். காதுமடல் மேல் அழுந்தும் ஆன்-இயர் வகை சீக்கிரம் வலிக்கும். வியர்வை அதிகம் வருபவர்களுக்கு இயர்பட்ஸ் நல்லது. பெட்டியில் வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் போட்டுப் பார்த்து, காதுக்குச் சேர்வதை வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் மூடாமல் திறந்திருக்கும் ஓபன்-பேக் ஹெட்ஃபோனை இசைப் பிரியர்கள் புகழ்வார்கள், ஆனால் அலுவலகத்துக்கு வேண்டாம். வெளிச் சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டும் ஊருக்கே கேட்கும்.

3. போட்டுப் பாருங்கள்

இதில் அவசரமே கூடாது. கடையில் இரண்டு நிமிடம் போட்டால் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். அழுத்தம் தெரிய அரை மணி நேரமாவது ஆகும். ஆன்லைனில் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் விதியை முதலில் படியுங்கள்.

காதுமடல் குஷனுக்குள் முழுதாக அடங்குகிறதா, உள்ளே எதிலாவது முட்டுகிறதா, தாடையை அசைத்தால் விலகுகிறதா என்று பாருங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். அதன் காம்பு காதோரம் அழுந்தி வலிக்கும், அந்த இடைவெளி வழியாகச் சத்தமும் நுழையும். மெல்லிய காம்பும் மென்மையான குஷனும் இருந்தால் இரண்டும் குறையும்.

எடையும் முக்கியம். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 சுமார் 254 கிராம். ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். மாலைக்குள் கழுத்து இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

4. மைக், இணைப்பு

மீட்டிங் அதிகம் என்றால் மைக்கைச் சோதியுங்கள்: இரைச்சலான இடத்திலிருந்து நண்பரை அழைத்து, உங்கள் குரல் தெளிவாக இருக்கிறதா என்று கேளுங்கள். லேப்டாப், போன் இரண்டிலும் ஒரே நேரத்தில் இணைய மல்டிபாயிண்ட் என்ற வசதி வேண்டும்.

5. ஒலி அளவு, அப்புறம் குஷன்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அலுவலக வேலை நேரமே ஏறக்குறைய அவ்வளவு வரும். பேச்சை மறைக்கப் பாட்டின் சத்தத்தை ஏற்றாதீர்கள். மழைச் சத்தம் மாதிரி ஒன்றை மெதுவாக ஓட விடுங்கள்.

செயற்கைத் தோல் குஷன் நாளாக ஆக உரியும். அந்த மாடலுக்கு மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.