பால்ரஸ் எண் ஒன்றுதான், எடை வேறு: என் அனுபவம்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் வேலை பார்க்கும் என் அத்தான், முப்பது கஜத்தில் துப்பாக்கியால் சுட்ட ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப் பறவை) சேவல்கள் இறகு உதிர்த்த பின்னும் புல்லுக்குள் ஓடி மறைவதாக, அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என்னிடம் பல நாள் சொல்லி வருந்தினார். (இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது, எங்கள் வீட்டு 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி, பயிர்க் காவல் உரிமத்தில் இருப்பது.) துப்பாக்கியின் தோளில் பதியும் கட்டையின் நீளத்தை மாற்றினார், பிறகு குழல் முனையை நன்கு குறுக்கிச் சிதறலைக் குறைக்கும் ஃபுல் சோக்கைப் பொருத்தினார், இரண்டும் பயன் தரவில்லை.

தோட்டாப் பெட்டிகளைக் காட்டச் சொன்னேன். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான பால்ரஸின் பருமனைக் குறிக்கும் எண் (எண் குறைந்தால் குண்டு பெரிது), பழையதிலும் புதியதிலும் 5 என்றே இருந்தது, ஆனால் புதியது எஃகு. நீர்ப்பறவைகளுக்கென ஒதுக்கிய அரசு நிலங்களில் ஈயம் கூடாது என்பதால் அந்தப் பருவத்தில்தான் மாற்றியிருந்தார். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், இரும்புக்கு 7.8 மட்டுமே; ஆகவே அதே பருமனுள்ள பால்ரஸ் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்து, தொலைவில் ஆழமாகப் பாயும் வலுவை இழக்கிறது.

எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அமெரிக்க 5 சுமார் 3 மில்லிமீட்டர், ஆங்கிலேய 5 சுமார் 2.8. அதனால் மில்லிமீட்டரிலேயே பேசினோம்.

இரண்டு படி பெரிதான 3ஆம் எண் எஃகை (3.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்) வாங்கச் சொன்னேன். எஃகு அதிகம் சிதறாது என்பதால் ஃபுல் சோக்கைக் கழற்றிக் குறுக்கம் குறைந்த மாடிஃபைடு சோக்கைப் பொருத்தி, முப்பது அங்குல வட்டம் வரைந்த தாளில் முதலில் சுட்டுப் பார்த்தார், இடைவெளியின்றி நிரம்பியது. அதன்பின் விழுந்த சேவல்கள் ஓடவில்லை. இருவருக்கும் பெரிய நிம்மதி.